பத்து வசனப் புத்தகமும் நூற்றொரு நிமிடப் படமும்

மோரிஸ் சென்டாக் எழுதி வரைந்த ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ என்ற சிறுவர் படப்புத்தகம் 1963இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அதில் மொத்தம் 10 வசனங்களே உள்ளன. ஆங்கிலச் சொற்களாக எண்ணினால் 338. நித்திரைக்குப் போகும் பிள்ளைக்கு எவ்வளவு ஆறுதலாக வாசித்துக் காட்டினாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் புத்தகத்தை ஸ்பைக் ஜோன்ஸ் திரைப்படமாக்கி 2009 ஒக்டோபரில் வெளியிட்டபோது படம் 101 நிமிடம் ஓடியது. பத்து வசனத்தை இத்தனை நேரத்துக்கு நீட்ட வேண்டுமென்றால் இடையில் எதையாவது இட்டு நிரப்பியே ஆக வேண்டும். அப்படி இட்டு நிரப்பப்பட்டது எது என்பதைப் பார்த்தால், சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு கதை எவ்வாறு வளர்ந்தவர்களின் படமாக மாறியது என்பது விளங்கும்.

யாழ்ப்பாணத்தில் இந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. பிள்ளைகளுக்கென்று போட்டுக் காட்டிய பெற்றோர், பிள்ளை பாதியில் எழும்பிப் போய்விட்டது என்றோ, பயந்துவிட்டது என்றோ குறைப்படுகிறார்கள். திரைப்பட ஆர்வமுள்ள இளைஞர்களோ, பூத உடுப்புப் போட்ட சின்னப்பிள்ளைப் படம் என்று நெடுநாள் ஒதுக்கிவைத்திருந்து, பிறகு தற்செயலாகப் பார்த்து மனம் கலங்கிப்போனதாகச் சொல்கிறார்கள். இரு தரப்பினரும் படத்தை ஒரே தவறான தட்டில் தேடியிருக்கிறார்கள். அதற்குப் பொறுப்பு அவர்கள் அல்லர். புத்தகத்தின் பெயரைச் சுமந்துகொண்டு வந்த படம் அது.

முதலில் புத்தகத்தைப் பார்ப்போம். மக்ஸ் என்ற சிறுவன் ஓநாய் உடுப்பைப் போட்டுக்கொண்டு வீட்டில் குழப்படி செய்கிறான். தாய் ஏசுகிறாள். ‘உன்னைத் தின்றுவிடுவேன்’ என்று அவன் எதிர்த்துச் சொல்ல, இராச்சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்பப்படுகிறான். அன்றிரவு அறைக்குள்ளேயே மரங்கள் முளைத்துக் காடாகின்றன. கடலும் வருகிறது, ஒரு படகும் வருகிறது. அவன் ஏறிப்போய்ப் பூதங்கள் வாழும் இடத்தை அடைகிறான். பல்லைக் கடித்து, கண்ணை உருட்டி, நகத்தைக் காட்டி வெருட்டும் அந்தப் பூதங்களை, இமைக்காமல் அவற்றின் மஞ்சள் கண்களையே உற்றுப் பார்த்து அடக்குகிறான். அவை அவனை அரசனாக்குகின்றன, பெருங்கூத்து நடக்கிறது. பிறகு, தன்னை மிக நேசிக்கும் ஒருவர் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும் என்ற எண்ணம் வர, அரச பதவியை விட்டுவிட்டுத் திரும்புகிறான். அறையில் அவனுடைய சாப்பாடு காத்திருக்கிறது. இன்னும் ஆறாமல் சூடாகவே இருக்கிறது.

இந்தக் கதையைச் சென்டாக் சொற்களால் மட்டும் சொல்லவில்லை, தாளின் அளவையும் கொண்டு சொன்னார். முதற்பக்கத்தில் படம் சின்னதாக, சுற்றிலும் அகன்ற வெள்ளை ஓரத்தோடு இருக்கும். மக்ஸின் கோபம் வளர வளர, பக்கத்துக்குப் பக்கம் படமும் வளர்ந்து அந்த வெள்ளை ஓரத்தைத் தின்றுகொண்டே போகும். காடு முளைத்து முடிந்தபோது முழுப்பக்கமும் படமாகிவிடும். பூதங்களின் கூத்து வரும்போது இரண்டு பக்கமும் விளிம்புவரை படம், ஒரு சொல்கூட இல்லை. அப்படிச் சொல்லற்ற இரட்டைப் பக்கங்கள் தொடர்ந்து மூன்று வருகின்றன. பிறகு படங்கள் சுருங்கத் தொடங்குகின்றன. கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. சாப்பாடு சூடாக இருந்தது என்ற செய்தி மட்டும் வெள்ளைத் தாளில் தனியே நிற்கிறது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் இந்தப் பெருக்கத்தையும் ஒடுக்கத்தையும் உணரும். கோபம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதை அதற்கு ஒருவரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

புத்தகத்தில் விளக்கம் என்பது எங்குமே இல்லை. மக்ஸ் ஏன் குழப்படி செய்தான் என்று சென்டாக் சொல்லவில்லை. தகப்பன் இருக்கிறாரா, கூடப்பிறந்தவர்கள் உண்டா என்பதும் இல்லை. தாயின் குரலை வாசிக்கிறோம். அவளுடைய உருவம் ஒரு படத்திலும் வரையப்படவில்லை. மகன் மன்னிப்புக் கேட்பதாகவோ, இனிச் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுப்பதாகவோ ஒரு வரியும் கிடையாது. நீதி சொல்லாத கதையைப் பிள்ளைக்கு வாசிப்பதில் என்ன பயன் என்று கேட்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்னான வயதிலேயே ‘இக்கதையால் நீ அறிந்துகொண்டது யாது’ என்ற வினாவுக்கு நம் பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். அந்த வினாவை இந்தப் புத்தகத்திடம் கேட்டால் பதில் கிடைக்காது. 1964இல் இப்புத்தகத்துக்கு, சிறந்த சிறுவர் படப்புத்தகத்துக்கான அமெரிக்க விருதாகிய கோல்டெகொட் பதக்கம் கிடைத்தபோது ஆற்றிய உரையில் சென்டாக், பிள்ளைகள் பயம், கோபம், வெறுப்பு, ஏமாற்றம் ஆகியவற்றுக்கு ஆளாகும் நிலையைப் பற்றியும், கற்பனை விளையாட்டின் வழியாக அவற்றைத் தாங்களே கையாள்வதைப் பற்றியும் பேசினார். அவருக்கு அது ஒரு நீதியாகத் தோன்றவில்லை. பிள்ளைகள் அன்றாடம் செய்யும் வேலையாகவே தோன்றியது.

பூதங்கள் எங்கிருந்து வந்தன என்பதை அறிவது படத்தைப் புரிந்துகொள்வதற்கு மிகவும் அவசியம். சென்டாக் முதலில் வரைய நினைத்தது குதிரைகளை. குதிரை தனக்குச் சரியாக வரவில்லை என்று கண்டு வேறு உருவங்களைத் தேடியபோது, அவருடைய சிறுவயது உறவினர்கள் நினைவுக்கு வந்தார்கள். 1928இல் புரூக்ளினில், போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாமாரும் மாமிமாரும் வீட்டுக்கு வருவார்கள். தாய் சமைத்து முடிக்கும்வரை அவர்கள் பிள்ளைகளின் கன்னத்தைக் கிள்ளிக்கொண்டு, உன்னைத் தின்றுவிடலாம் போலிருக்கிறது என்று கொஞ்சுவார்கள். பழுதடைந்த பற்கள், மூக்கிலிருந்து நீளும் மயிர், கிட்ட வரும் பெரிய முகங்கள் ஆகியவற்றைப் பார்த்த சிறுவனுக்கு, சமையல் பிந்தினால் உண்மையாகவே தன்னைத் தின்றுவிடுவார்களோ என்ற பயம் வந்ததாம். கலியாண வீட்டிலோ திருவிழாவிலோ தூரத்து உறவுக்காரர் கையில் அகப்பட்டு, ‘கடிச்சுத் தின்னலாம் போல கிடக்கு’ என்று கேட்டபடி கன்னம் சிவக்க நின்ற அனுபவம் இல்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருக்க முடியாது. ஆகவே புத்தகத்தின் பூதங்கள் என்பவை, பிள்ளையின் உயரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது தெரியும் பெரியவர்கள். பிள்ளை அவர்களை அடக்குகிறது, ஆட்டுவிக்கிறது, சாப்பாடு கொடுக்காமல் படுக்கைக்கு அனுப்புகிறது. மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வெற்றி வேறு என்ன இருக்கிறது?

புத்தகம் வந்த காலத்தில் இதைப் பெரியவர்கள் எல்லாரும் விளங்கிக்கொள்ளவில்லை. உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969இல் ஒரு பெண்கள் சஞ்சிகையில் புத்தகத்தைக் கடிந்து எழுதினார். சாப்பாடு மறுக்கப்படுவதும் தாயால் கைவிடப்படுவதும் பிள்ளையின் மிக ஆழமான பயங்கள் என்பது அவருடைய வாதம். புத்தகத்தை வாசிக்காமலே, தாய்மார் சொன்னதைக் கொண்டு அவர் அந்தக் கருத்தைச் சொல்லியிருந்தார். பிள்ளைகளோ புத்தகத்தைக் கிழிய கிழியப் புரட்டினார்கள். பயப்படுத்தும் உருவத்தோடு நேருக்கு நேர் பேசிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு எப்போதும் விருப்பமான விளையாட்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ‘கத்தரி வெருளி’ப் பாட்டை நினைத்துப் பாருங்கள். தோட்டத்தின் நடுவில் நிற்கும் வெருளியை, கூலி வாங்காமல் காவல் செய்யும் சேவகனாக முன்னிலையில் விளித்துப் பேசுகிறது அந்தப் பாட்டு. வெருட்டுவதற்காக நிறுத்தப்பட்ட ஒன்றைக் கூப்பிட்டுக் கதைக்கத் தொடங்கியவுடனேயே அதன் பயங்கரம் பாதி குறைந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் அதைச் சத்தமாகப் பாடி மகிழ்ந்திருக்கிறார்கள்.

இந்தப் புத்தகத்தைப் படமாக்கும் முயற்சிகள் முன்பே நடந்திருந்தன. ஜீன் டைச் 1970களில் ஒரு குறும் அசைவூட்டப் படம் செய்தார். பிரித்தானிய இசையமைப்பாளர் ஒலிவர் நஸன் இதை ஒப்பரா ஆக்கினார். அதற்கான பாடல்வரிகளைச் சென்டாக்கே எழுதினார். டிஸ்னி நிறுவனத்தில் 1980களின் தொடக்கத்தில் கணினிப் பின்னணியோடு ஒரு சோதனைத் துண்டு செய்து பார்த்தார்கள். முழுநீளப் படம் கடைசியில் ஜோன்ஸிடம் வந்தது. அவர் எழுத்தாளர் டேவ் எகர்ஸுடன் சேர்ந்து திரைக்கதையை எழுதினார். யுனிவர்சல் நிறுவனத்தில் தொடங்கிய திட்டம் வோர்னர் பிரதர்ஸுக்கு மாறியது. சென்டாக் தயாரிப்பாளர்களில் ஒருவராக இருந்து, புத்தகத்தை அப்படியே பிரதிசெய்யாமல் உன்னுடைய சொந்தப் படமாக எடு என்று இயக்குநரை ஊக்கப்படுத்தினார்.

2006இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் படப்பிடிப்பு நடந்தது. முழுக்கக் கணினியில் பூதங்களைச் செய்ய ஜோன்ஸ் விரும்பவில்லை. ஜிம் ஹென்சன் உயிரினப் பட்டறையில் செய்த, ஆளைவிட உயரமான பெரிய உடுப்புகளுக்குள் நடிகர்கள் நின்றார்கள். முகத்தின் அசைவுகள் மட்டும் பின்னர் கணினியில் சேர்க்கப்பட்டன. குரல் கொடுத்த நடிகர்களைத் தனித்தனி அறையில் மைக்கின் முன் நிறுத்தாமல், ஒரே இடத்தில் ஓடவும் உருளவும் விட்டுப் பதிவுசெய்தார்கள். உடுப்புக்குள் நின்றவர்கள் அந்த ஒளிப்பதிவைப் பார்த்து அதே உடல்மொழியைக் கொண்டுவந்தார்கள். இதனால்தான் திரையில் பூதம் மூச்சு வாங்கும்போது உண்மையிலேயே ஒரு பாரமான உடம்பு இளைப்பதுபோல இருக்கிறது. கரோல் என்ற பிரதான பூதத்துக்கு ஜேம்ஸ் கண்டோல்பினி குரல் கொடுத்தார். கோபமும் இரக்கமும் ஒரே மூச்சில் வரும் அந்தக் குரல்தான் படத்தின் முதுகெலும்பு என்பேன்.

2007இன் இறுதியில் நடந்த முன்னோட்டக் காட்சியில் சிறுவர்கள் சிலர் அழுதார்கள் என்ற செய்தி வெளியே பரவியது. நிறுவனம் கலங்கியது, வெளியீடு தள்ளிப்போனது. அந்த வேளையிலும் படத்தை இனிப்பாக்க ஜோன்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. தான் எடுக்க வந்தது சிறுவர் படமன்று, சிறுவயதைப் பற்றிய ஒரு படம் என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு வேறுபாட்டில் படத்தின் முழு இயல்பும் அடங்கியிருக்கிறது. சிறுவயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு அதைப் பற்றிய படம் தேவையில்லை. அதைக் கடந்து வந்தவருக்குத்தான் அது தேவை.

இட்டு நிரப்பப்பட்டவை என்று நான் சொன்னவற்றுள் முதலாவது, வீடு. புத்தகத்தில் ஓரிரு வரியில் முடியும் வீடு, படத்தில் ஏறக்குறைய முதல் இருபது நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது. மக்ஸ் தெருவோரப் பனியைக் குடைந்து ஒரு குகைவீடு கட்டுகிறான். அக்காவையும் அவளுடைய நண்பர்களையும் பனியுருண்டையால் எறிந்து விளையாட்டுக்கு இழுக்கிறான். அவர்களும் துரத்தி வருகிறார்கள், சிரிக்கிறார்கள்; அவன் குகைக்குள் ஒளித்திருக்க, பெரிய பையன் ஒருவன் அதன்மேல் பாய்கிறான். கூரை இடிந்து அவன்மேல் விழுகிறது. வெளியே வரும் மக்ஸின் முகத்தில் பனியும் கண்ணீரும் ஒன்றாக ஒட்டியிருக்க, அக்கா ஒரு கணம் பார்த்துவிட்டு நண்பர்களின் காரில் ஏறிப் போய்விடுகிறாள். அவன் அவளுடைய அறைக்குள் ஓடி, நனைந்த சப்பாத்தோடு கட்டிலில் குதித்து, முன்பு அவளுக்காகத் தான் செய்துகொடுத்த பரிசையே உடைக்கிறான். ஒரு நிமிடத்தில் கோபம் வடிந்துவிட, உடைத்ததைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். சிறுவயதின் கோபத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய காட்சிகள் மிகக் குறைவு. ஆனால் இந்தக் காட்சியை முழுமையாக விளங்குபவர் யார் என்று பாருங்கள். ஏழு வயதுப் பிள்ளை பனிவீடு உடைந்ததைப் பார்க்கும். அக்கா வளர்ந்துவிட்டாள், இனித் தம்பியோடு விளையாட வரமாட்டாள், அவளிலும் பிழையில்லை என்பதை வளர்ந்தவர்தான் பார்ப்பார்.

அடுத்த காட்சி இன்னும் நுட்பமானது. தகப்பன் கூட இல்லாத வீடு. தாய் இரவில் வேலை பற்றிய தொலைபேசி அழைப்பை முடித்துவிட்டுச் சோர்ந்துபோய் இருக்கிறாள். மக்ஸ் மேசைக்குக் கீழே கிடந்து அவளுடைய காலுறையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு கதை சொல்லு என்று அவள் கேட்கிறாள். அவன் சொல்ல, அவள் கணினியில் தட்டிக்கொண்டு போகிறாள். நடக்கக்கூடிய கட்டடங்களும் இரத்தம் குடிக்கும் பேய்களும் வரும் கதை அது. ஒரு பேய் மிக உயர்ந்த கட்டடத்தைக் கடிக்க, அதன் பற்கள் கொட்டிவிடுகின்றன. அவை பாற்பற்கள் அல்ல, இனி முளைக்காது என்று தெரிந்தவுடன் மற்றப் பேய்கள் அதை விட்டுவிட்டுப் போய்விடுகின்றன. தாய் திரும்பிப் பார்க்கும் பார்வையில், மகன் தன்னைப் பற்றித்தான் சொன்னான் என்று அவள் அறிந்துகொண்டது தெரிகிறது. மக்ஸுக்கு அது தெரியாது. காட்சியின் வலி முழுவதும் தாயின் பக்கமே நிற்கிறது. நாமும் அந்தப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறோம். நெடுநேரம் கழித்துத் தீவில் கரோல், ஒருவரையொருவர் விட்டு விலகிப்போவதைப் பற்றிப் பேசும்போது, பற்கள் மெதுவாக ஒவ்வொன்றாக விழுவதுபோல, கவனிக்காமலே இடைவெளி கூடி, ஒருநாள் பார்த்தால் பல்லே இல்லை என்று சொல்கிறது. மேசைக்குக் கீழே சொன்ன கதை அங்கே திரும்பி வருவதை ஒரு சிறுபிள்ளை கண்டுபிடிக்க நியாயமில்லை.

புத்தகத்து மக்ஸ் தின்றுவிடுவேன் என்று சொல்லத்தான் செய்கிறான். படத்து மக்ஸ் தாயை உண்மையாகவே கடிக்கிறான். அவள் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்த ஆண் நண்பர் பார்த்துக்கொண்டிருக்க, தோளில் கடிபட்டு அவள் அலறுகிறாள். அவன் வீட்டைவிட்டு ஓடுகிறான். அறைக்குள் காடு முளைப்பதில்லை; தெருவில் ஓடி, பற்றைக்குள் புகுந்து, கரையில் கிடக்கும் படகில் ஏறுகிறான். புத்தகத்தில் வீடுதான் காடாயிற்று; பிள்ளை ஒருபோதும் வெளியே போகவில்லை. படத்தில் அவன் இரவில் தனியே தெருவுக்குப் போன பிள்ளை. ஒரு பெற்றோரின் நெஞ்சு அடித்துக்கொள்ளும் இடம் அது.

இரண்டாவதாகச் சேர்க்கப்பட்டது, பூதங்களுக்கு ஒரு வாழ்க்கை. புத்தகத்தில் அவற்றுக்குப் பெயர்கூட இல்லை. படத்தில் ஒவ்வொன்றுக்கும் பெயரும் குணமும் பழைய மனக்கசப்பும் உண்டு. மக்ஸ் போய்ச் சேரும்போது, பிரியமான ஒருத்தி கூட்டத்தை விட்டுப் போய்விட்டாள் என்ற ஆத்திரத்தில் கரோல் வீடுகளை உடைத்துக்கொண்டிருக்கிறது. அரசனாக வந்தவனிடம் அவை கேட்பது, துயரம் உள்ளே வராமல் காப்பாயா என்பது. எல்லாரையும் மூடிக் காக்கும் அளவுக்குப் பெரிய கேடயம் தன்னிடம் இருப்பதாக அவன் வாய்கூசாமல் சொல்கிறான். அவனுக்கு வைக்கப்படும் முடி, சாம்பலுக்கும் எலும்புக்கும் நடுவிலிருந்து எடுக்கப்படுகிறது. முன்பிருந்த அரசர்களுக்கு என்ன நடந்தது என்று அவன் கேட்கத் தொடங்கும்போதே பேச்சு வேறு பக்கம் திருப்பப்படுகிறது. பிறகு அவர்கள் பெரியதொரு கோட்டை கட்டுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் குவிந்து நித்திரை கொள்கிறார்கள், மண்ணாங்கட்டி எறிந்து விளையாடுகிறார்கள். விளையாட்டு சண்டையாகிறது. கேடயம் எதுவும் இல்லை என்பது வெளிப்படுகிறது. கரோல் வெறிகொண்டு இன்னொரு பூதத்தின் கையைப் பிடுங்கி எறிகிறது. பார்வையால் பூதத்தை அடக்கும் வித்தை படத்தில் பலிக்கவில்லை.

புத்தகத்தில் பூதங்கள் பிள்ளையின் கண்ணால் பார்க்கப்பட்ட பெரியவர்கள் என்றேன். படத்தில் அவை பிள்ளையின் உள்ளத்தில் நடப்பவற்றின் உருவங்கள். அதுவும் பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து விளங்கிக்கொண்ட உருவங்கள். பார்க்கும் கண் மாறிவிட்டது. கரோலில் மக்ஸ் தன்னுடைய கோபத்தைக் காண்கிறான். கரோலைத் தேற்ற முடியாமல் நிற்கும்போது தன் தாய் நின்ற இடத்தில் தான் நிற்பதை உணர்கிறான். உங்களுக்கும் ஒரு அம்மா இருந்தால் நன்றாயிருக்கும் என்று அவன் பூதங்களிடம் சொல்லும் இடத்தில் படம் தன் உச்சத்தைத் தொடுகிறது. ஒரு பிள்ளை தன் தாயை ஒரு தனி மனிதராக, களைக்கக்கூடியவராகக் காண்பது வளர்ச்சியின் ஒரு கட்டம். அதை ஏற்கெனவே கடந்தவருக்கே அந்தக் கட்டம் கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் பகுதிச் சனசமூக நிலையத்தில் சிறுவர்களுக்கென்று ஒருமுறை இந்தப் படம் போடப்பட்டபோது நானும் இருந்தேன். மண்ணாங்கட்டிச் சண்டைவரை சின்னவர்கள் சிரித்தார்கள். அதன்பின் பாயில் நெளியத் தொடங்கினார்கள். ஏழு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் தாயிடம் திரும்பி, “அம்மா, அவை ஏன் சண்டை பிடிக்கினம்?” என்று கேட்டான். தாய் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “தெரியேல்லை ராசா, பார்” என்றாள். சற்று நேரத்தில் பையன் எழும்பி முற்றத்துக்கு ஓடிவிட்டான். தாய் கடைசிவரை இருந்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் பேசவில்லை.

நம்மூர்ப் பார்வையாளருக்கு இந்தப் படம் மேலும் சிலவற்றைக் கிளறிவிடுகிறது. தகப்பன் வெளிநாட்டில், தாய் தனியே வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிறாள், மூத்தவள் ரியூசன் வகுப்புகளோடு வேறு உலகத்துக்குப் போய்விட்டாள், கடைசிப் பையன் மேசைக்குக் கீழே விளையாடுகிறான் என்பது இங்கே எத்தனையோ வீடுகளின் நிலை. இன்று பெற்றோராக இருக்கும் தலைமுறையின் சிறுவயது போருக்குள் கழிந்தது. 1990களின் முற்பகுதியில் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்த பிள்ளைகள், 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு மழையில் நடந்த பிள்ளைகள் இன்று நாற்பதை அண்மித்தும் தாண்டியும் இருக்கிறார்கள். புத்தகத்தில் ஒரு வரியில் முடியும் கடற்பயணம், படத்தில் கறுத்த அலைகளுக்கு நடுவே தனித்த ஒரு சிறுவனாக நீள்கிறது. அந்த அலையை அவர்கள் வேறுவிதமாகப் பார்க்கிறார்கள். எல்லாரும் ஒன்றாகக் கட்டி, இனி ஒன்றும் உள்ளே வராது என்று நம்பி, பிறகு தங்கள் கையாலேயே உடைத்துவிடும் கோட்டையைப் பார்த்துவிட்டு அவர்கள் நெடுநேரம் பேசாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. இதைப் படத்தின் நோக்கம் என்று நான் சொல்லவில்லை. துயரத்திலிருந்து காக்கும் கேடயம் என்று ஒன்று இல்லை என்பதைச் சிறுவயதிலேயே அறிய நேர்ந்தவர்களுக்கு, அதை வெளிப்படையாகச் சொல்லும் படம் நெருக்கமாக இருக்கிறது.

2009இலேயே வேறு இரண்டு சிறுவர் புத்தகங்களும் திரைக்கு வந்தன. நீல் கெய்மனின் கதையிலிருந்து ஹென்றி செலிக் எடுத்த ‘கோரலைன்’ இதைவிடப் பயங்கரமானது. ஆயினும் அது பிள்ளைகளின் படமாகவே நின்றது, ஏனெனில் அங்கே ஒரு தீயவள் இருக்கிறாள், அவளை வெல்லும் வழியும் இருக்கிறது. பயம் படத்தைப் பெரியவர்களுக்கு உரியதாக்குவதில்லை. தீர்வில்லாத மனவருத்தமே ஆக்குகிறது. றோல்ட் டாலின் நரிக் கதையை வெஸ் அண்டர்சன் எடுத்தபோது, அது நடுவயதுத் தகப்பன் ஒருவரின் மனக்குழப்பமாக மாறியது. எனினும் அதன் வேகமும் களவாடும் சாகசமும் பிள்ளைகளைப் பிடித்து வைத்தன. ஜோன்ஸின் படத்தில் வெல்ல வேண்டிய எதிரியும் இல்லை, அடைய வேண்டிய இலக்கும் இல்லை. நடுப்பகுதியில் பூதங்களின் பிணக்குகள் அளவுக்கு மீறி நீள்கின்றன என்ற குறை எனக்கும் உண்டு. ஏறக்குறைய 10 கோடி டொலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் வசூலித்ததும் ஏறக்குறைய அதே தொகைதான். குடும்பப் படம் என்ற கணக்கில் அது நட்டம். அந்தக் கணக்குப் பிழையே தவிர படம் பிழையானது அல்ல.

படத்தின் முடிவில் மக்ஸ் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான். பேச்சு இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் தாய் களைப்பில் கண்ணயர்ந்துவிட, அவன் அவளைப் பார்க்கிறான். புத்தகம் ஒருபோதும் காட்டாத முகம் அது. அங்கே தாய் இல்லாமலே தாயின் அன்பு சாப்பாட்டின் சூட்டில் இருந்தது. பிள்ளைக்கு அது போதும். படம் அந்த முகத்தைக் காட்டியே தீரவேண்டியிருந்தது, ஏனெனில் அது தாயைப் பற்றியும் ஆனது.

ஒக்டோபர் 1ஆம் திகதிச் சிறுவர் தினத்தையொட்டிப் படம் தேடும் நிலையங்களும் பாடசாலைகளும் இதைச் சின்னவர்களின் பட்டியலில் சேர்க்காமல் இருப்பது நல்லது. கடிபடும் காட்சியும், கை பிடுங்கப்படும் காட்சியும், கரோலிடமிருந்து காப்பதற்காக மக்ஸை இன்னொரு பூதம் தன் வாய்க்குள் விழுங்கி ஒளித்துவைக்கும் காட்சியும் ஏழு எட்டு வயதுக்கு ஏற்றவை அல்ல. அவற்றைவிட, காரணம் விளங்காத சோகம் அந்த வயதுக்கு அலுப்பாகவே இருக்கும். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போடலாம், பெற்றோரும் கூட இருந்தால். பெற்றோருக்கென்றே ஒரு மாலைக் காட்சி வைப்பது இன்னும் பொருத்தம். சின்னவர்களுக்குப் புத்தகம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்தாலென்ன, பத்து வசனத்தை நம்முடைய பேச்சில் சொல்வதற்குப் பெரிய வித்தை வேண்டாம். சொல்லே இல்லாத அந்த மூன்று இரட்டைப் பக்கங்கள் வரும்போது மட்டும் வாசிப்பவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். அங்கே வேண்டிய சத்தத்தைப் பிள்ளைகளே போடுவார்கள்.